ஐரோப்பிய அரச தம்பதிகளின் வெண்கலப் பதக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதக்கம் என்றால் கழுத்தில் மாட்டிக்கொள்வதா?

பெரும்பாலும் இல்லை. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவருக்குத் தரும் மெடலையோ ராணுவ மெடலையோ நினைக்க வேண்டாம். இது உள்ளங்கையில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்க்கிற பொருள். நாணயத்தைப் போல வட்டமாக இருக்கும், இரண்டு பக்கமும் வேலைப்பாடு இருக்கும். ஆனால் மதிப்பு எதுவும் பொறித்திருக்காது, கடையில் செல்லாது. அளவு 4 செ.மீ. முதல் 11 செ.மீ.க்கு மேலும் போகும். பெரியவற்றைக் கையில் எடுத்தால் நல்ல கனம் தெரியும்.

ஒரு பக்கத்தில் முகம், சுற்றிலும் லத்தீனில் பெயரும் பட்டமும், மறுபக்கத்தில் சின்னமோ காட்சியோ. திருமணம், நகரப் பிரவேசம், வாரிசு பிறப்பு என்று ஏதாவது ஒன்றையொட்டிச் செய்து, உறவினருக்கும் நட்பு அரசர்களுக்கும் தூதர்களுக்கும் அனுப்புவார்கள். ஓவியம் என்றால் ஒன்றுதான். பதக்கமோ ஒரே மாதிரியில் பல எடுக்கலாம், குதிரைப் பையில் போட்டு ஊர் ஊராக அனுப்பலாம். சிலவற்றில் மேலே ஓட்டை இருக்கும். அது பிற்காலத்தில் யாரோ தொங்கவிட ஆசைப்பட்டுப் போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தது யார்?

பிசானெல்லோ என்ற இத்தாலிய ஓவியர். 1438இல் ஃபெராரா நகரில் கத்தோலிக்கத் திருச்சபையையும் கிழக்குத் திருச்சபையையும் ஒன்றுசேர்க்க ஒரு பெரிய சபை கூடியது. அதற்கு பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் பலையோலோகோஸ் நேரில் வந்தார். கூம்பு போல உயர்ந்த தொப்பியோடு அவருடைய பக்கவாட்டு முகத்தை பிசானெல்லோ வெண்கலத்தில் வார்த்தார். மறுமலர்ச்சிக்காலப் பதக்கம் என்று நாம் சொல்லும் மரபு அதிலிருந்து தொடங்குகிறது. பழைய ரோமானிய நாணயங்களைத் தேடித்தேடிச் சேர்த்த காலம் அது. சீசர்களின் முகம் நாணயத்தில் நிலைத்தது போல நம் முகமும் நிலைக்கட்டும் என்ற ஆசை குட்டிக் குட்டி இத்தாலியப் பிரபுக்களுக்கெல்லாம் வந்துவிட்டது.

முகத்தைப் பக்கவாட்டில் காட்டுவதும் ரோமானிய நாணயப் பழக்கம்தான். அதில் ஒரு நடைமுறை வசதியும் உண்டு. நேர்முகம் என்றால் மூக்குதான் மேலே துருத்தி நிற்கும், கை பட்டுப் பட்டு முதலில் தேய்வதும் அதுதான்.

தம்பதிப் பதக்கம் என்றால் இருவர் முகமும் கட்டாயம் இருக்குமா?

இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஃபெராராவின் பிரபு லியோனெல்லோ தெஸ்தே 1444இல் அரகானுக்கும் நேப்பிள்ஸுக்கும் அரசரான அல்ஃபோன்சோவின் மகள் மரியாவை மணந்தார். அதற்காக பிசானெல்லோ செய்த பதக்கத்தில் மாப்பிள்ளை மட்டும்தான் இருக்கிறார். பெண்ணின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. எழுத்தை உற்றுப் பார்த்தால் 'அரகான் அரசரின் மருமகன்' என்பதற்கான சுருக்கம் மட்டும் கிடைக்கும். மாமனார் இருக்கிறார், மனைவி இல்லை!

பின்பக்கம் என்னவோ அழகு. ஒரு குட்டி மன்மதன், சிங்கத்துக்கு எதிரே நின்று இசைக்குறிப்பு எழுதிய சுருளை விரித்துப் பிடித்துப் பாடச் சொல்லிக்கொடுக்கிறான். லியோனெல்லோ என்றால் சின்னச் சிங்கம். காதல் வந்து சிங்கத்தையே பாட வைத்துவிட்டதாம். பின்னால் ஒரு கல்தூணில் 1444 என்று ரோமன் எண்ணில் ஆண்டு. சுமார் 10 செ.மீ. வட்டத்துக்குள் இவ்வளவும்.

இருவரும் இருக்கும் பதக்கங்களில் மூன்று அமைப்புகளைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மனைவி என்பது ஒன்று. ஒரே பக்கத்தில் எதிரெதிரே பார்த்துக்கொள்வது இன்னொன்று. ஒருவர் முகத்தின் பின்னால் மற்றவர் முகம் விளிம்பாகத் தெரிவது மூன்றாவது. இது மிகப் பழையது. எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி, அர்சினோயி இணையின் பொன் நாணயங்களிலேயே இது உண்டு. இதில் முன்னால் நிற்பது அநேகமாக ஆண்தான்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

மூன்று பதக்கங்களைச் சொல்வேன். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று கல்யாணம். சேர்த்துப் பார்த்தால் ஒரே குடும்பச் சிக்கல்.

முதலாவது, ஹாப்ஸ்பர்க் மாக்ஸிமிலியன், பர்கண்டி மேரி இணையுடையது. 1477 ஜனவரியில் மேரியின் தந்தை சார்ல்ஸ் நான்சி போரில் இறந்தார். ஒரே மகள், 19 வயது, கையில் ஐரோப்பாவின் பணக்கார நாடுகளில் ஒன்று. பிரெஞ்சு அரசர் பிடுங்கப் பார்க்கிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் கென்ட் நகரில் புனித ரோமானியப் பேரரசரின் மகன் மாக்ஸிமிலியனோடு திருமணம். பர்கண்டி அரசவையில் செயலராக இருந்த இத்தாலியர் ஜொவான்னி காந்திதா இந்தப் பதக்கத்தைச் செய்தார். 5 செ.மீ.கூட இல்லாத சின்னப் பதக்கம். ஒரு பக்கம் நீண்ட முடியில் மலர்வளையம் சூடிய இளைஞன். மறுபக்கம் கொண்டையை இறுக்கி முடிந்த மேரி, அவருக்குப் பின்னால் இரண்டு 'எம்' எழுத்து பின்னிக்கொண்டு மேலே கிரீடம்.

எழுத்தைப் படியுங்கள். 'பேரரசர் ஃபிரெடரிக்கின் மகன் மாக்ஸிமிலியன்' என்று அவர் பக்கம், 'சார்ல்ஸின் மகள் மேரி' என்று இவர் பக்கம். நம் கல்யாணப் பத்திரிகை மாதிரியேதான், இன்னாரின் மகன், இன்னாரின் மகள். அதைவிடச் சுவாரசியம் பட்டங்களின் வரிசை. அவர் பக்கத்தில் ஆஸ்திரியா முதலில், பர்கண்டி அடுத்து. இவர் பக்கத்தில் பர்கண்டி முதலில், ஆஸ்திரியா அடுத்து. சொத்து யார் வீட்டுச் சொத்து என்பதில் மேரி விட்டுக்கொடுக்கவில்லை. 1482இல் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து அவர் இறந்தார். மாக்ஸிமிலியன் பேரரசரான பிறகும் இந்த இணையை மறக்கவில்லை. ஆஸ்திரியாவின் டைரோலில் உள்ள ஹால் நாணயச்சாலையில் 1479 என்று ஆண்டு போட்டு, இருவர் முகத்தோடும் வெள்ளிக் காசாகப் பிற்காலத்தில் அடிக்கவைத்தார்.

இரண்டாவது பதக்கத்துக்கு வருவோம். மனைவியை இழந்த மாக்ஸிமிலியன் 1490இல் பிரிட்டனியின் (பிரான்சின் மேற்கே உள்ள பகுதி) வாரிசான ஆன் என்பவரை, நேரில் போகாமல் பிரதிநிதியை அனுப்பி மணந்தார். பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்ல்ஸ் சும்மா இருப்பாரா? படையோடு வந்து, 1491இல் அவரைத் தானே மணந்துகொண்டார். இதில் வேடிக்கை, அதுவரை சார்ல்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர் மாக்ஸிமிலியன், மேரி தம்பதியின் மகள் மார்கரெட். மூன்று வயதிலிருந்து பிரான்சில் வருங்கால ராணி என்று வளர்க்கப்பட்ட குழந்தை. மனைவியையும் பறிகொடுத்து, மகளின் வாழ்வும் தள்ளப்பட்டு, மாக்ஸிமிலியனுக்கு ஒரே ஆளிடமிருந்து இரண்டு அடி.

1498இல் சார்ல்ஸ், அம்ப்வாஸ் கோட்டையில் வாசல் நிலைப்படியின் மேற்கட்டையில் தலையை இடித்துக்கொண்டு செத்துப்போனார். அடுத்து வந்த பன்னிரண்டாம் லூயி, தன் முதல் திருமணத்தை ரத்துசெய்துவிட்டு 1499 ஜனவரியில் அதே ஆன் என்பவரை மணந்தார். ஆன் லியோன் நகருக்கு வந்தபோது நகரத்தார் தங்கத்தில் ஒரு பதக்கம் செய்து கொடுத்தார்கள். அதன் வெண்கல வார்ப்புகள்தான் இன்று பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சுமார் 11 செ.மீ. விட்டம். சிற்பிகள் நிக்கோலா லெக்லேர், ழான் தெ சாங் பிரியே. வார்த்தவர் பொற்கொல்லர் ழான் லெபேர்.

லூயியின் பின்னால் பிரெஞ்சு அரசின் லில்லிப் பூக்கள் இறைந்து கிடக்கின்றன. ஆன் பக்கத்தில் பின்புலம் இரண்டாகப் பிரிந்து, பாதி லில்லி, பாதி பிரிட்டனியின் சின்னமான எர்மின் என்ற சிறு விலங்கின் வால்நுனிகள். இருவர் மார்புக்கும் கீழே ஒரு குட்டிச் சிங்கம், அது லியோன் நகரின் முத்திரை. ஆன் பக்கத்து எழுத்து சொல்வது இது: நல்லாள் ஆன் இரண்டாம் முறை அரசாள, லியோன் நகரத்தார் மகிழ, 'நான் இவ்வாறு வார்க்கப்பட்டேன், 1499.' பதக்கமே வாய்திறந்து பேசுகிறது. 'இரண்டாம் முறை' என்று கூச்சமில்லாமல் போட்டதுதான் எனக்குப் பிடித்தது. முதல் கணவரோடு அவர் ராணியாக இருந்ததை லியோன் மறைக்கவில்லை.

ஆண்டிலும் ஒரு முடிச்சு. விழா நடந்தது நம் கணக்கில் 1500 மார்ச். அன்றைய பிரான்சில் புத்தாண்டு ஈஸ்டரில்தான் பிறக்கும். ஆகவே அவர்களுக்கு அது இன்னும் 1499. பட்டியல்களில் இரண்டு ஆண்டும் காணப்படுவது இதனால்தான்.

மூன்றாவது, அந்தத் தள்ளிவிடப்பட்ட மார்கரெட்டுடையது. 1493இல்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1497இல் ஸ்பெயின் இளவரசர் ஹுவானோடு கல்யாணம். ஆறே மாதத்தில் அவர் இறந்தார். 1501இல் சவாய் பிரபு இரண்டாம் ஃபிலிபெரோடு மறுமணம். 1502இல் மார்கரெட் சவாயின் பூர் நகருக்குள் நுழைந்தபோது ஊர்க்காரர்கள் உள்ளூர்ப் பொற்கொல்லர் ழான் மரான்தைக் கொண்டு பதக்கம் செய்து தந்தார்கள்.

இதில்தான் கணவனும் மனைவியும் ஒரே பக்கத்தில் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். பின்னிய வேலி ஒன்றுக்கு மேலே இருவரும் எழும்பி நிற்கிறார்கள். அவர் பக்கம் சவாய் குலத்தின் கயிற்று முடிச்சுகள். இவர் பக்கம் டெய்சிப் பூக்கள், பிரெஞ்சில் அந்தப் பூவுக்கும் மார்கரெட் என்றே பெயர். எழுத்தில் இங்கேயும் 'மாக்ஸிமிலியன் சீசரின் மகள்' என்று தந்தை வந்துவிடுகிறார். பின்பக்கம் குலச் சின்னம். அதைச் சுற்றி 'உன்னதத்தில் கடவுளுக்கு மகிமை, பூமியில் மனிதருக்கு அமைதி' என்ற வேத வசனம், முடிந்த கையோடு 'பூர்' என்று ஊர்ப்பெயர். பரிசு யார் கொடுத்தது என்று தெரியாமல் போய்விடக் கூடாது பாருங்கள்.

1504இல் ஃபிலிபெர் இறந்தார். இருவருக்கும் அப்போது 24 வயது. மார்கரெட் அப்புறம் மணக்கவே இல்லை. நெதர்லாந்தின் ஆளுநராக இருந்துகொண்டே, பூர் ஊருக்குப் பக்கத்தில் புரூ என்ற இடத்தில் கணவருக்காக ஒரு தேவாலயம் கட்டினார். இருவர் கல்லறையும் அங்கேதான்.

நகரங்கள் ஏன் கைக்காசைப் போட்டு இதைச் செய்தன?

ராணி முதல்முறை ஊருக்குள் வருவது பெரிய சடங்கு. தோரணம், நாடகம், கடைசியில் பரிசு. அந்தப் பரிசுக்குப் பின்னால் எதிர்பார்ப்பு உண்டு: வரிச் சலுகை தொடர வேண்டும், சந்தை உரிமை நிலைக்க வேண்டும். லியோன்காரர்கள் தங்கள் சிங்கத்தை ராணியின் மார்புக்குக் கீழேயே உட்கார வைத்தது அதற்குத்தான்.

பின்பக்கப் படங்கள் ஏன் புதிர் போல இருக்கின்றன?

புதிராக இருக்க வேண்டும் என்றே செய்தவை. பார்க்கிறவர் யோசித்து, கண்டுபிடித்து, மெச்ச வேண்டும். இத்தாலியின் ரிமினி நகரை ஆண்ட சிகிஸ்மோந்தோ மலதெஸ்தாவுக்கும் அவருடைய காதலி இசோத்தாவுக்கும் மத்தேயோ தெ பாஸ்தி தனித்தனிப் பதக்கங்கள் செய்தார். இசோத்தா மனைவியானது பின்னால்தான். அவர் பதக்கத்தைத் திருப்பினால் பூத்த புல்வெளியில் ஒரு யானை! யானை மலதெஸ்தா குலச் சின்னம். முகம் இவருடையது, பின்னால் நிற்கும் யானை அவர் வீட்டுடையது. கல்யாணம் ஆகாமலே சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. சிகிஸ்மோந்தோ தன் பதக்கங்களைக் கட்டடச் சுவர்களுக்குள் வைத்தும் கட்டினார். இடிந்தாலும் பெயர் கிடைக்க வேண்டுமாம்.

பிரான்சில் 1603இல் கியோம் துப்ரே செய்த நான்காம் ஹென்றி, மரி தெ மெதிசி பதக்கம் இன்னொரு வகை. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரு முகங்கள். அரசியின் உயர்ந்த கழுத்துப்பட்டியின் சரிகை வேலை ஒவ்வொரு துளையும் எண்ணிவிடலாம் போலத் தெளிவு. பின்பக்கம் ஹென்றி போர்க்கடவுள் மார்ஸாகவும், மரி அறிவுத் தெய்வம் மினர்வாவாகவும் கைகோத்து நிற்க, நடுவில் அவர்களுடைய இரண்டு வயது மகன் டால்ஃபின் மேல் கால் வைத்திருக்கிறான். பிரெஞ்சுப் பட்டத்து இளவரசரின் பட்டப்பெயரும் அந்தக் கடல்விலங்கின் பெயரும் ஒரே சொல். மேலே கழுகு கிரீடம் கொண்டுவருகிறது. நான் பார்த்தவரை, வார்ப்பு வேலையில் இதை மிஞ்சியது அபூர்வம்.

எப்படிச் செய்தார்கள்?

இத்தாலியில் முதலில் சிலேட்டு அல்லது மர வட்டத்தின் மேல் மெழுகில் முகத்தை உருவாக்குவார்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மாதிரி. அவற்றை நுண்மணலும் சாம்பலும் கலந்த கலவையில் அழுத்தி அச்சு எடுத்து, இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி, மேலே விட்ட வாய்க்கால் வழியாக உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் வாய்க்கால் துண்டை அறுத்து, விளிம்பை அரத்தால் ராவி, முடியிழை, கண்ணிமை, எழுத்து ஓரங்களைச் சின்ன உளியால் கூர்மையாக்குவார்கள். கடைசியில் சூடாக்கியோ மெருகு பூசியோ பழுப்பு நிறம் ஏற்றுவார்கள்.

ஜெர்மனியில் வழி கொஞ்சம் வேறு. நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க் கைவினைஞர்கள் மெழுகுக்குப் பதிலாக மரத்திலோ மென்மையான சுண்ணாம்புக்கல்லிலோ மாதிரியைச் செதுக்கினார்கள். அதனால்தான் அவர்களுடைய முகங்களில் கோடுகள் அவ்வளவு கறார். தொப்பி மடிப்பு, தாடி மயிர், தாடைச் சதை எதுவும் தப்பாது.

தங்கம், வெள்ளியை விட்டு வெண்கலம் ஏன்?

அன்பளிப்பாக ராணிக்குப் போனது தங்கம். மற்றவர்களுக்கு வெண்கலம், சில சமயம் ஈயம். தங்கத்துக்கு ஒரு சாபம் உண்டு, பணமுடை வந்தால் உருக்கிவிடுவார்கள். வெண்கலத்தை உருக்கி யாரும் பணக்காரராக முடியாது. அது பிழைத்தது.

முகம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா?

ஓரளவு. அழகுபடுத்தியிருப்பார்கள், ஆனால் ஆளையே மாற்றினால் பரிசு பெறுகிறவர் சிரிப்பார். 1554இல் ஸ்பெயினின் பிலிப், இங்கிலாந்து அரசி மேரியை மணந்தார். மேரிக்காக ஜாக்கோபோ தா த்ரெஸ்ஸோ செய்த பதக்கத்தில், மார்பில் தொங்கும் முத்தும் ஆடையின் சித்திரவேலையும் மணிமணியாக இருக்கின்றன. முகமோ இறுகின உதடு, களைத்த பார்வை. சில வார்ப்புகளில் பிலிப் ஒரு பக்கமும் மேரி மறுபக்கமும் இருப்பார்கள்.

அசலா நகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இது பெரிய தலைவலி. ஒரு பழைய பதக்கத்தையே மாதிரியாக வைத்து அச்செடுத்து இன்னொன்று வார்ப்பது சுலபம். லியோன் பதக்கத்துக்கே இப்படிப் பிற்கால வார்ப்புகள் ஏராளம். முதலில் அளவெடுங்கள். வெண்கலம் ஆறும்போது சுருங்கும், ஆகவே பதக்கத்திலிருந்து வார்த்த பதக்கம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சின்னதாக இருக்கும். 100 மி.மீ. இருக்க வேண்டியது 98 இருந்தால் சந்தேகம் வரணும். அப்புறம் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். சோப்புக் கட்டி போல மழுங்கியிருந்தால் அது நகலின் நகல்.

19ஆம் நூற்றாண்டில் மின்முலாம் முறையிலும் நகல் எடுத்தார்கள். மெல்லிய செம்புத் தகடுகள் இரண்டு, நடுவே ஈயம். விளிம்பைச் சுற்றி ஒட்டிய கோடு தெரியும், தட்டினால் மந்தமான சத்தம். இவற்றை விற்றவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. அருங்காட்சியகங்களே மாணவர்களுக்காகச் செய்ததும் உண்டு. இன்று அதையே அசலென்று விற்பவரிடம்தான் ஜாக்கிரதை. வாங்குவதென்றால் இதற்கு முன் யாரிடம் இருந்தது என்ற சரித்திரத்தைக் கேளுங்கள்.

பிற்காலத்தில் இது நின்றுபோனதா?

நிற்கவில்லை, தொழிற்சாலைக்குப் போனது. வார்ப்பதற்குப் பதில் எஃகு அச்சில் அடிக்கும் முறை வந்ததும் விளிம்பு ஒரே சீர், பரப்பு வழவழப்பு, எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். 1810இல் நெப்போலியன், மரி லூயி திருமணத்துக்கு ஆந்திரியே பொறித்த பதக்கத்தில் இருவர் தலையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மரி லூயியும் ஹாப்ஸ்பர்க் வீட்டுப் பெண்தான், மாக்ஸிமிலியன் குலம். 1906இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தம்பதியின் வெள்ளிவிழாவுக்கும் பதக்கங்கள் வந்தன. வேலை சுத்தம். எனக்கு என்னவோ உயிர் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது.

தாத்தாவின் பெட்டியில் ராஜா ராணி தலை போட்ட மெடல் இருக்கிறது. இது அதுவா?

நம் ஊர் வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜ், மேரி ராணி இணை. 1911 டெல்லி தர்பார் மெடலிலும், 1935 வெள்ளிவிழா மெடலிலும் இருவர் முகமும் சேர்ந்திருக்கும். தர்பார் மெடலைத் திருப்பினால் பாரசீக எழுத்து இருக்கும். 1937 என்றால் ஆறாம் ஜார்ஜும் எலிசபெத் ராணியும். இவை வெள்ளியில் அடித்து ரிப்பனில் மாட்டித் தந்தவை. இந்தப் பக்கத்தில் பேசும் வெண்கல வார்ப்புகளுக்குப் பேரன் முறை என்று சொல்லலாம். தாத்தாவுக்கு அது எந்த வேலைக்காகக் கிடைத்தது என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் இப்போதே எழுதி வையுங்கள்.

கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது! குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். அந்தப் பழுப்பும் கறுப்பும் அழுக்கல்ல. செய்தவர் ஏற்றிய நிறமும் காலம் ஏற்றிய நிறமும் சேர்ந்தது. தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால் நிறத்தோடு நுணுக்கமும் போகும், விலையும் போகும். உலர்ந்த மென்துணியால் தூசி தட்டினால் போதும். வெளிர்பச்சையில் மாவு போல உதிர்ந்தால் மட்டும் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள், அது உலோகத்தைத் தின்னும் நோய். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், வேர்வைக் கை முகத்தின் மேல் பட வேண்டாம்.

எங்கே பார்க்கலாம்?

வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் கிரெஸ் சேகரிப்பு உண்டு. பாரிசின் குஸ்தாவ் திரேஃபுஸ் சேர்த்தது அப்படியே அங்கே போய்ச் சேர்ந்தது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், பாரிசில் தேசிய நூலகம், ஃபுளோரன்சில் பார்ஜெல்லோ, வியன்னாவிலும் பெர்லினிலும் நாணயக் காப்பகங்கள். நியூயார்க்கின் ஃபிரிக் கலெக்‌ஷனுக்கு 2016இல் ஸ்டீஃபன் ஷேர் தன் பெரிய சேகரிப்பிலிருந்து கொடுத்தார். இவற்றில் பல இணையத்திலேயே இரண்டு பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்க்கும்படி படம் போட்டிருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கத்துக்குத் திரைதான் வசதி.